இரண்டு பக்கமும் மாடம் வைத்த சுவர்

தஞ்சாவூரில் அரண்மனையை ஒட்டிய பழைய தெருக்களில் பக்கச் சுவர் என்பது யாருக்கும் தனியாகக் கிடையாது. எட்டு வீடு வரிசையாக இருந்தால் மொத்தம் ஒன்பது சுவர். நடுவில் உள்ள ஏழுக்கும் இரண்டிரண்டு சொந்தக்காரர்கள். இந்த வீட்டு உத்திரமும் அந்த வீட்டு உத்திரமும் ஒரே சுவருக்குள் தலை வைத்துப் படுத்திருக்கும். எங்கள் வீடு வரிசையில் ஐந்தாவது. பதினாறடி அகலம், நூற்றுப் பத்தடி நீளம். அரண்மனையில் கணக்கு எழுதிய ஒருவர் கட்டியது என்பார்கள். பத்திரத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. எங்கள் ஊரில் வயது தெரியாத கட்டடம் எல்லாமே மராட்டியர் காலத்தைச் சேர்ந்ததுதான்.

நான் உள்ளாட்சிக் கட்டடப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். எந்த மனுவை யாருக்கு, எத்தனை பிரதியில், எந்தப் பிரிவின் கீழ் எழுத வேண்டும் என்று தெரியும். இங்கே சொல்ல வந்தது அந்த வீட்டின் பின்கட்டில் என் தங்கைக்கு இருந்த ஓர் அறையைப் பற்றி. அப்பா உயிலில் வீட்டை என் பெயருக்கும், ஆயுள் உள்ளவரை அதில் குடியிருக்கும் உரிமையை அவள் பெயருக்கும் எழுதியிருந்தார். அந்த அறையை அவள் எப்படி இழந்தாள் என்பதில் என் பங்கு பெரிது. அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சுவரில் மாடம் யார் பக்கம் இருக்கிறதோ சுவர் அவருடையது. இரண்டு பக்கமும் இருந்தால் பொது. கட்டும்போதே கொத்தனார் கேட்டுக்கொண்டுதான் மாடம் வைப்பார். நீதிமன்றமும் அதை ஒரு சாட்சியமாக எடுத்துக்கொள்ளும். எனக்கு வேலை கிடைத்த இரண்டாவது வருடம், ஆறாம் வீட்டில் இருந்த பள்ளி ஆசிரியர் மாடியில் ஓர் அறை எடுப்பதற்காக எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவரின் மேல் செங்கல் அடுக்கினார். அப்பா வழக்குப் போட்டார். சுவரைப் பார்த்து அறிக்கை தரும்படி நீதிமன்றம் ஒரு வக்கீலை ஆணையராக அனுப்பியது. எங்கள் பக்கத்தில் விளக்கு வைக்கும் சின்ன மாடங்கள் இரண்டுதான் இருந்தன.

“ரெண்டு பத்தாதுப்பா. ஆணையர் வர்றதுக்குள்ள நாலு அலமாரி வெட்டிடலாம். சொவத்த நாமதான் ஆண்டு வர்றோம்ங்கற அனுபோக பாத்தியதைக்கு அதுதான் ருசு” என்று அப்பாவிடம் சொன்னவன் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வந்து பதினோரு அங்குல ஆழத்துக்கு நான்கு அலமாரிகள் வெட்டினார். சுவர் மொத்தமே இரண்டடிக் கனம். வெட்டியது புதிதாகத் தெரியக் கூடாது என்று உள்ளே கரியும் எண்ணெயும் தேய்க்கச் சொன்னதும் நான்தான். அடுத்த வாரம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து உளிச் சத்தம் கேட்டது. ஆசிரியருக்கும் ஒரு வக்கீல் இருந்தார்.

ஆணையர் இரண்டு வீட்டிலும் நுழைந்து அலமாரிகளை எண்ணினார். ஆழத்தை அளக்கவில்லை. அளக்கச் சொல்லி இரு தரப்பும் கேட்கவில்லை. ஒன்பது வருடம் கழித்து, சுவர் பொது என்று தீர்ப்பு வந்தது. அப்பா வழக்குக் காகிதங்களைக் கட்டி அந்த அலமாரிகளில் ஒன்றிலேயே வைத்துப் பூட்டினார்.

தங்கை கல்யாணமாகிப் பதினோரு மாதத்தில் திரும்பி வந்தவள். காரணத்தை எங்கள் வீட்டில் யாரும் அவளிடம் கேட்கவில்லை. எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா அம்மா இருவரையும் கடைசிவரை பார்த்துக்கொண்டது அவள்தான். அவர்கள் காலத்துக்குப் பிறகு நான் ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் மூன்றாம் தளத்தில் வீடு வாங்கிக்கொண்டு போனேன். தெரு முழுக்கக் கடைகளாகிக்கொண்டிருந்தது. முன்கட்டைக் கடைக்கு விட்டு, பின்கட்டில் அவள் இருப்பது என்று முடிவு செய்தோம்.

குடியிருப்பை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்ற நானே வரைபடம் போட்டு, நானே விண்ணப்பம் எழுதி, முறைப்படி அனுமதி வாங்கினேன். அந்தத் தெருவில் அப்படி அனுமதி வாங்கிய ஒரே வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும். முகப்புச் சுவரை வெட்டி, இரும்பு கர்டர் ஏற்றி, ஷட்டர் மாட்டினோம். மாடி முகப்பின் மரக் கைப்பிடியையும் சுண்ணாம்புப் பூவேலையையும் தொடவில்லை. அவற்றுக்குக் கீழே கடையின் ஃபிளெக்ஸ் பலகை வந்தது. முற்றத்தை மூடிப் பாலிகார்பனேட் தகடு போட்டோம். முற்றத்தைச் சுற்றியிருந்த நான்கு தேக்குத் தூண்களுக்கு நடுவே குழாய் கட்டி நைட்டியும் சுடிதாரும் தொங்கவிட்டார்கள். தூண்தலையிலிருந்த வாழைப்பூப் போதிகை ஒன்றில் சிசிடிவி கேமரா உட்கார்ந்தது.

கடையை எடுத்தவர் கூத்தாநல்லூர்க்காரர். பதினெட்டு வருடம் வளைகுடாவில் துணிக்கடையில் நின்றுவிட்டுத் திரும்பியவர். தெருவில் எல்லாருக்கும் அவர் பாய். என் தங்கை மட்டும் தம்பி என்பாள்.

வரிசை வீட்டுக்குப் பக்க வழி கிடையாது. கொல்லைப்புறத்துச் சந்து வழியை எப்போதோ யாரோ கட்டி மூடிவிட்டார்கள். ஆகவே என் தங்கை வெளியே போகவும் உள்ளே வரவும் கடையின் ஓரமாக இரண்டரை அடி வழி விட வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்தில் தனிப் பத்தியாக எழுதினேன். அந்த வழி ஆறாம் வீட்டுப் பொதுச்சுவரை ஒட்டிப் போனது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அதில் நடப்பாள். போகிற போக்கில் அவளுக்கு வேலையும் கிடைத்தது. கடையில் விற்கும் புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது, சுடிதாரைப் பிடித்துக் கொடுப்பது, ரவிக்கை தைப்பது. வாடிக்கையாளர் முன்கட்டில் நிற்கும்போதே அளவு எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

“அக்கா குறுக்க நடக்குறதுல ஒரு நன்மை சார். கடையில எப்பவும் ஒரு ஆள் நிக்கிற மாதிரியே தெரியும்” என்பார் பாய்.

“நிக்கிறது நான் இல்ல தம்பி, ஒங்க பொம்மை. அத என் வழியில நிறுத்தாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? காலையில பால் வாங்க வந்தா, தலையில்லாம ஒருத்தி சேலை கட்டிக்கிட்டு நிக்கிறா.”

“தலை வச்ச பொம்மை வெலை ஜாஸ்தி அக்கா.”

ஒரு முறை கட்டடக்கலை மாணவர்கள் ஏழெட்டுப் பேர் வந்து மூன்று நாள் அளந்தார்கள். இது பாரம்பரியக் கட்டடம், அப்படியே கடையாக்கியதுதான் சரியான பாதுகாப்பு என்று பாராட்டினார்கள். வரைந்த படத்தின் பிரதி ஒன்றும் கொடுத்தார்கள். அதில் பொதுச்சுவர் முழுதும் கெட்டியான கறுப்புக் கோடாக இருந்தது. எங்கள் பக்கத்து அலமாரிகளுக்கு முன்னால் பாய் துணி அடுக்கும் தட்டுகளை மாட்டியிருந்தார். படத்தைப் பார்த்தபோது எனக்கும் அந்த அலமாரிகளின் நினைவு வரவில்லை.

சென்ற ஆடியில் ஆறாம் வீடு கைமாறியது. ஆசிரியரின் மகன்கள் வெளியூரில் இருந்தார்கள். வாங்கியவர் ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் சேர்த்து வாங்கி, இடித்துவிட்டுப் பெரிய ஷோரூம் கட்டப் போகிறார் என்றார்கள். ஆவணியில் ஜேசிபி வந்தது. எட்டு, ஏழு என்று இறங்கி ஆறாம் வீட்டு மச்சைப் பிரித்தபோது தங்கை தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“அண்ணே, நடக்குற எடத்துல சொவத்துல கோடு விழுந்திருக்கு. விரல் போகலை. ஆனா மேலேர்ந்து கீழ வரைக்கும் இருக்கு.”

போய்ப் பார்த்தேன். உத்திரம் சுவரில் நுழையும் இடத்தில் தொடங்கி, துணித் தட்டுகளுக்குப் பின்னால் இறங்கித் தரை வரை வந்திருந்தது. விரிசலின் குறுக்கே சிமெண்டு வைத்து ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதினேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். நாங்கள் அலுவலகத்தில் செய்வது அதுதான்.

மூன்றாம் நாள் கண்ணாடி உடைந்திருந்தது. பாய் கடை வாசலில் எனக்காகக் காத்திருந்தார்.

“சார், நான் நேத்து அவங்க மேஸ்திரிகிட்ட பேசிட்டேன். நல்ல மனுஷன். ஓனர் வெள்ளிக்கிழமை வர்றாராம். நம்ம பக்கம் சவுக்குக் கட்டையால முட்டுக் குடுத்துட்டு மிச்சத்த பிரிக்கச் சொல்லுவோம். நீங்க கூட வாங்க, போதும்.”

“வாய்ப்பேச்சுக்கு என்ன மதிப்பு பாய்? நாளைக்கு விழுந்தா, நான் சொல்லலியேம்பான். மனு குடுத்து ஒப்புகை வாங்கிட்டா அவன் தப்ப முடியாது.”

“மனு போயி, ஆள் வந்து, பாத்து... அதுக்குள்ள முட்டுக் குடுத்துடலாம் சார்.”

“அண்ணே, தம்பி சொல்றத ஒரு தடவை கேட்டாதான் என்ன?” என்றாள் தங்கை. தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்திருந்தாள், வாயில் குண்டூசி.

நான் கேட்கவில்லை. அன்றே ஒன்பது பத்தியில் மனு எழுதினேன். புகைப்படம் ஏழு, வரைபடம் ஒன்று, உடைந்த கண்ணாடி பற்றிய குறிப்பு. இப்படிப்பட்ட மனுக்களை முப்பத்து நான்கு வருடம் வாங்கிப் படித்தவன் என்பதால் எந்த வார்த்தைக்குக் கோப்பு நகரும் என்று தெரியும். ‘எந்நேரமும் இடிந்து விழக்கூடிய நிலையில் உள்ளது’ என்று எழுதினேன். உண்மையில் அப்போது அந்தச் சுவர் அப்படி இல்லை. நகல் ஒன்றை ஷோரூம்காரருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே ஆறாம் வீட்டுப் பக்கம் சவுக்குக் கட்டைகள் வந்து இறங்கியிருந்தன. மேஸ்திரி பாய்க்குக் கொடுத்த வாக்கு. மத்தியானம் என் நகல் கிடைத்தது. மாலையில் கட்டைகளை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மேஸ்திரி பாயிடம் வந்து சொல்லிவிட்டுப் போனாராம்: “ஓனரோட வக்கீல் அந்தச் சொவத்தத் தொடவே கூடாதுன்னுட்டாரு பாய். முட்டுக் குடுத்தா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம். நான் என்ன பண்றது?” அந்த வக்கீல் சொன்னது சரி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பத்து நாளில் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். என்னிடம் வேலை கற்றவர், இப்போது அதே பிரிவுக்குப் பொறுப்பு. சுவரைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

“சார், மழைக்கு முன்னாடி இடியிற நெலையில இருக்குற கட்டடத்தோட லிஸ்ட் மேல கேட்டிருக்காங்க. வருஷா வருஷம் கேக்குறதுதான், உங்களுக்குத் தெரியாததா.”

“அதுக்கென்ன? ஆறாம் நம்பர்க்காரனுக்கு நோட்டீஸ் குடுங்க.”

“ஆறாம் நம்பர்ல இப்ப கட்டடமே இல்லையே சார். இடிஞ்சு விழும்னு நீங்க எழுதியிருக்கறது அஞ்சாம் நம்பர். ஓனர் நீங்க. உள்ள இருக்கற ஆக்குபையர் ரெண்டு பேரு.”

“நான் பாதுகாப்புக் கேட்டு எழுதினேன்யா.”

“கோரிக்கையை வேற கோப்பா எடுத்துக்கலாம் சார். ஆனா இந்த வாசகம் பதிவாயிடுச்சு. இதப் பாத்துட்டு நான் சும்மா இருந்து, யாராவது ஒருத்தருக்கு ஒண்ணு ஆச்சுன்னா? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, எழுத்துல வந்தத எழுத்துலதான் முடிக்கணும்னு.”

அவர் கிளம்பும்போது, சுவரின் மறுபக்கத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆறாம் வீடு இருந்த மனைக்குள் போனார். நானும் உடன் போனேன். அந்தச் சுவரை அந்தப் பக்கத்திலிருந்து நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஆசிரியர் வெட்டிய அலமாரிகள் வெயிலில் திறந்து கிடந்தன. மூன்று. நீல நிறம் பூசி, பழைய நாட்காட்டி ஒட்டியது ஒன்று. அவரும் ஓரடிக்குக் குறையாமல்தான் வெட்டியிருந்தார். இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் ஒரே யோசனை தோன்றியதால், நடையை ஒட்டிய வாகான இடத்தில், கைக்கு எட்டும் உயரத்தில், இரண்டும் முதுகோடு முதுகாக விழுந்திருந்தன. நீல அலமாரியின் பின்பக்கம் ஓரிடத்தில் காரை உதிர்ந்து ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியே பாயின் கடைக்குள் எரியும் குழல் விளக்கும், மடித்து வைத்த பச்சை நைட்டி ஒன்றும் தெரிந்தன. இத்தனை வருடமாக மாடிச் சுமையும் இரண்டு வீட்டு உத்திரமும் அலமாரிகளுக்கு நடுவே மிஞ்சியிருந்த செங்கல்களில்தான் இறங்கியிருக்கின்றன. அந்தப் பக்கத்து வீடும் சேர்ந்து நெருக்கிப் பிடித்திருந்ததால் நின்றது.

அதிகாரி குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தார். “யாரு சார் இப்படி வெட்டினது?”

“ரெண்டு பேரும்” என்றேன்.

வீட்டைக் காலி செய்து இறக்க வேண்டும் என்று நோட்டீஸ் ஏழு நாள் அவகாசத்தோடு வந்தது. அதன் மூன்றாவது பத்தி நான் பணியில் இருந்தபோது திருத்தி எழுதிய மாதிரிப் படிவத்திலிருந்து எடுத்தது. மறுப்புச் சொல்ல அதில் ஓர் இடமும் நான் விட்டுவைக்கவில்லை. மேல்முறையீடு செய்தேன். அதற்கு நாள் குறிப்பதற்குள் புரட்டாசிக் கடைசி மழை ஒன்று பெய்து, விரிசலுக்குள் என் கட்டைவிரல் போனது. நடைவழியில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று சிவப்பு நாடா கட்டினார்கள். தங்கைக்கு வேறு வழி இல்லை. நாடாவைத் தூக்கிக் குனிந்து போய் வந்தாள். பாய் நடுக்கடையில் துணி தொங்கிய கம்பிகளை நகர்த்தி அவளுக்குப் புது வழி விட்டார். விற்பனை ஏறக்குறைய நின்றுபோயிருந்தது.

நோட்டீஸ் வந்த ஐந்தாம் நாள் நான் போனபோது கடையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பாயின் மனைவி கூத்தாநல்லூரிலிருந்து வந்திருந்தார்.

“நீ நம்ம வீட்டுக்கு வந்துடு. பையன் ரூம் சும்மாதான் இருக்கு. அண்ணி கட்டிலெல்லாம் போட்டு வச்சிருக்கா” என்றேன் தங்கையிடம்.

அவள் மெஷினின் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். “அங்க எனக்கு என்ன வேலைண்ணே?”

“வேலை என்ன வேலை? இருக்கறதுதான்.”

“மூணாவது மாடிக்கு யாரு ரவிக்கை அளவு குடுக்க வருவா?” பெல்ட்டைச் சுருட்டி டப்பாவில் போட்டாள். “தம்பி ஊர்லயே கடை போடுது. மச்சுல ஒரு ரூம் தர்றாங்களாம். நான் போறேன்.”

“ஊர்ல என்ன சொல்லுவாங்க? அண்ணன் இருக்கையில...”

“எந்த ஊர்ல? இந்தத் தெருவுலயா? இங்க இப்ப யாருண்ணே குடியிருக்கா?”

பாயின் மனைவி தயங்கி என்னிடம் சொன்னார். “அக்காவ நாங்க பாத்துக்குவோம் சார். எங்களுக்கும் தைக்க ஆள் வேணும். தப்பா எடுத்துக்காதீங்க.”

தங்கை ஒன்று மட்டும் கேட்டாள். “அண்ணே, அப்பா எழுதினது இந்த வீட்டுல குடியிருக்கத்தானே? வீடு போயிடுச்சுன்னா அந்த உரிமை என்ன ஆகும்?”

எனக்குப் பதில் தெரியும். கட்டடம் அழிந்தால் அதில் குடியிருக்கும் உரிமையும் அதோடு போகும். ஒரு நாள் அலுவலகத்தில் யாரோ ஒரு கிழவருக்கு இதை அரை மணி நேரம் விளக்கியிருக்கிறேன். “பாத்துக்கலாம்” என்றேன்.

பொம்மைகளுக்கு நடுவே மெஷினை நிறுத்திக் கயிறு கட்டினார்கள். வண்டியின் முன் இருக்கையில் பாயின் மனைவிக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்துகொண்டாள். குடியிருப்பவர் தாமாகவே காலி செய்தார் என்ற மகஜரில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

ஐப்பசி பிறந்ததும் வீட்டை இறக்கினார்கள். நாலாம் வீட்டுக்காரர் மனு ஒன்றும் எழுதவில்லை. முதல் நாளே மேஸ்திரிக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பேசி, தன் சுவருக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டார். அவர் சுவர் நிற்கிறது. எங்கள் தேக்குத் தூண்களைக் காரைக்குடியிலிருந்து வந்தவர்கள் எடுத்துப் போனார்கள். ஏதோ விடுதிக்கு என்றார்கள்.

பிறகு, முன்னால் கடையும் பின்னால் தங்கைக்கு ஓர் அறையுமாக அதே மனையில் புதிதாகக் கட்ட மூன்று தடவை வரைபடம் போட்டேன். தனித் தூண் எழுப்பிப் பதினாறடிக்குள் மாடிப்படி வைத்தால் பின்கட்டுக்கு வழி இல்லை. வழி விட்டால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் கட்டவே முடியாது. நான்காவது தடவை பென்சிலை எடுக்கவில்லை. ஷோரூம்காரர் ஆள் அனுப்பினார், நானும் விற்கச் சம்மதித்தேன். அவருடைய வக்கீல், குடியிருப்பு உரிமை உள்ளவரும் வந்து விடுதலை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். வீடே இல்லாதபோது எந்த உரிமை என்று நான் கேட்கவில்லை. விடுதலைப் பத்திரத்தையும் நானே எழுதினேன்.

தங்கை கூத்தாநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். சற்று இளைத்திருந்தாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் எங்கள் முறை வந்தபோது மணி ஒன்று.

“படிச்சுப் பாத்தீங்களாம்மா? ஒங்க சம்மதத்தோடதான் விட்டுக் குடுக்குறீங்களா?” என்று கேட்டார் சார்பதிவாளர்.

“எங்க அண்ணன் எழுதினது சார். தப்பு இருக்காது.”

“அதக் கேக்கலம்மா. சம்மதமான்னு கேக்குறேன்.”

அவள் என் பக்கம் திரும்பவில்லை. மேசை மேல் இருந்த கேமராவைப் பார்த்துக்கொண்டே, “சம்மதம்னு போட்டுக்குங்க” என்றாள்.

விரல் ரேகை விழவில்லை. ஊசி குத்திக் குத்திக் கட்டைவிரல் தேய்ந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்து, நான்காவது தடவைதான் கருவி எடுத்துக்கொண்டது. வெளியே வந்ததும் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

“இல்லண்ணே. மன்னார்குடி வண்டிய விட்டா அங்கேர்ந்து அடுத்தது பிடிக்க முடியாது. நாளைக்குக் கல்யாணப் பொண்ணு ரவிக்கை. கை மட்டும்தான் வச்சிருக்கேன்.”

பஸ் நிறுத்தம் வரை கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். பதிவான பத்திரத்தை நான்கு மணிக்குத்தான் தருவார்கள். நான் ரசீதை எடுத்துக்கொண்டு திரும்பி உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன்.